திருடனான கனவான்: தொடக்ககாலத் தமிழ்த் துப்பறியும் நாவல்களில் கள்வன் வடிவம்

1. முன்னுரை

திண்டுக்கல்லுக்கு வடக்கே, வேடசந்தூர் வட்டத்தைச் சேர்ந்த எரியோட்டிற்கு வழக்குச் சொற்களைத் தொகுக்கும் பணியின் பொருட்டு யாம் சென்றிருந்தபோது, முதிய உழவர் ஒருவரிடம் ஒரு சொல்லைக் கேட்டோம். தம் பாட்டனார் காலத்தில் களவுபோன உழவு மாட்டைத் திரும்பப் பெறுவதற்குத் ‘துப்புக்கூலி’ கொடுக்கப்பட்டது என்று அவர் கூறினார். மாடு போன சில நாள்களில் நடுவர் ஒருவர் வந்து பேச்சுக் கொடுப்பார். கூலி முடிவான பின், அவர் குறித்த இடத்தில் மாடு கட்டப்பட்டிருக்கும். கட்டியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. “மாட்டை அவுத்தவன் பேரு ஊருக்கே தெரியும், ஐயா; கூலி வாங்குனவரு பேர மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டாங்க” என்பது அவர் கூற்று.

திண்டுக்கல் அந்நாளில் மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அம்மாவட்டத்தைப் பற்றி 1906இல் பிரான்சிஸ் என்னும் ஆங்கில அதிகாரி எழுதிய விவரச்சுவடியிலும் இவ்வழக்கம் இதே பெயரால் குறிக்கப்பட்டுள்ளது. எனவே முதியவர் கூறியது கட்டுக்கதை அன்று.

‘துப்பறியும் நாவல்’ என்னும் தொடரை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். அத்தொடரின் முதற்சொல் நம் நாட்டுப்புறத்தில் இத்தகைய பொருளும் பெற்றிருந்தது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. சங்க நூல்களில் துப்பு என்பது வலிமை, துணை, உணவு, பவளம் எனப் பல பொருள்பட வரும். உளவு என்னும் பொருள் பிற்காலத்தது. துப்பறியும் நாவல் என்னும் பெயர் துப்புக்கூலியிலிருந்து பிறந்தது என்று யாம் கூறவில்லை. துப்புக்குக் கூலி கொடுத்துப் பழகிய ஒரு நாட்டில் அந்நாவல்கள் படிக்கப்பட்டன என்பதே யாம் கருதுவது. அந்நாவல்களில் கள்வன் எவ்வாறு படைக்கப்பட்டான், மேனாட்டில் பெரும்புகழ் பெற்ற ‘கனவான் திருடன்’ இங்கு ஏன் வேரூன்றவில்லை என்னும் இரண்டு வினாக்களுக்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மேனாட்டுக் கனவான் திருடன்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒரு புதிய தலைவன் தோன்றினான். ஹார்னங் படைத்த ராபிள்ஸ் 1899இல் நூல்வடிவில் வந்தான். மொரீஸ் லெபிளாங் படைத்த ஆர்சேன் லூப்பன் 1905இல் ஒரு பிரெஞ்சுத் திங்களிதழில் அறிமுகமானான். ராபிள்ஸ் நற்குடியில் பிறந்தவன். கிரிக்கெட் ஆட்டத்தில் வல்லவன். செல்வர் வீடுகளுக்கு விருந்தினனாகச் சென்று, அவ்வீட்டு மணிகளையே கவர்பவன். லூப்பனோ இன்னும் ஒருபடி மேற்சென்றவன். சிறைக்குள் இருந்துகொண்டே ஒரு பிரபுவுக்கு மடல் எழுதி, இன்னின்ன பொருள்களை அனுப்பிவிடுக எனப் பட்டியல் தருகின்றான். அஞ்சிய பிரபு புகழ்பெற்ற போலீஸ் அதிகாரி ஒருவரைக் காவலுக்கு அழைக்கின்றார். அழைத்து வரப்பட்டவரோ அதிகாரியின் பெயர் பூண்ட லூப்பனின் ஆள்.

இவர்களுக்குச் சற்று முன்னரே, 1893இல், கானன் டாயில் மோரியார்ட்டி என்னும் கணிதப் பேராசிரியனைப் படைத்தார். தானே களவில் இறங்காமல், வலையின் நடுவில் அமர்ந்த சிலந்திபோல் குற்றங்களை ஏவுபவன் அவன். 1911இல் பிரெஞ்சில் தோன்றிய பாந்தோமாவும் அவ்வினத்தைச் சேர்ந்தவனே. ஆகவே இருவகை வடிவங்களை நாம் பிரித்து அறிதல் வேண்டும். முதல்வகை, வாசகன் விரும்பும் கனவான் திருடன். இரண்டாம் வகை, வாசகன் அஞ்சும் குற்றத்தலைவன். இருவருக்கும் பொதுவாக அமைந்தவை கல்வி, மாறுவேடம், ஐயத்திற்கு அப்பாற்பட்ட மதிப்பு ஆகிய மூன்று.

கனவான் திருடனை வாசகர் மன்னித்தது எவ்வாறு? களவு அவனுக்கு வயிற்றுப்பாடு அன்று; விளையாட்டு. அவன் கவர்வது ஏழையின் பொருளை அன்று. தன்னைப் போன்ற செல்வரின் பொருளை. ராபிள்ஸின் முடிவு இன்னும் கருதத்தக்கது. அவனைப் போயர் போருக்கு அனுப்பி, பேரரசின் பொருட்டு உயிர்விடச் செய்து, அவன் பழியை ஆசிரியர் துடைத்துவிடுகின்றார். இம்முடிவின் பொருளைப் பின்னர் ஆராய்வோம்.

3. நம் மரபில் கற்ற கள்வன்

கற்ற கள்வன் மேனாட்டார் தந்த புதுமை என்று கருதுதல் பிழை. மதுரைக்காஞ்சி நள்ளிரவு மதுரையை வருணிக்குமிடத்தில் நூலேணியும் உளியும் தாங்கி இருளில் இயங்கும் கள்வரைக் காட்டுகின்றது. அவர்களைக் களிறு நோக்கிய புலிபோல் நோக்கி நிற்கும் காவலரையும் உடன் காட்டுகின்றது. வடமொழி மிருச்சகடிகத்தில் வரும் சார்விலகன் அந்தணன். சுவரில் கன்னமிடுவதை ஒரு கலையாக எண்ணி, பூணூலையே அளவுநூலாகக் கொள்பவன். அந்நாடகத்தைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் ‘மண்ணியல் சிறுதேர்’ எனத் தமிழாக்கினார். பிற்காலத்து நொண்டி நாடகங்களில் கள்வன் தன் கதையைத் தானே கூறுகின்றான். பரத்தையிடம் பொருளிழந்து, குதிரை திருடி, அகப்பட்டு, கால் வெட்டுண்டு, இறையருளால் உறுப்பு மீளப்பெறுதல் அந்நாடகங்களின் பொதுக்கதை. கள்வன் பேசலாம், ஆயின் தண்டனைக்குப் பின்னரே, அடியவனாகிய பின்னரே பேசலாம் என்பது அவ்வகையின் எழுதா விதி.

இவையனைத்திலும் நம் ஆய்வுக்கு முதன்மையாக அமைவது சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையே. சிலம்பு விற்கச் சென்ற கோவலன் எதிர்ப்படும் அரண்மனைப் பொற்கொல்லன் எத்தகையவன்? சட்டையணிந்து, நூறு கொல்லர் பின்வர நடந்து வருபவன்; அரசனால் மதிக்கப்பெற்றவன். அரசியின் சிலம்பைத் திருடியவனும் அவனே. கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கள்வனுடையது அன்றே என ஐயுற்று நிற்கின்றனர். அவ்வேளையில் பொற்கொல்லன் அவர்களுக்குக் களவுநூற் பாடம் நடத்துகின்றான். மந்திரம் முதலாகக் கருவி ஈறாகக் கள்வர்க்குத் துணையாவன எட்டு என விரித்துரைக்கின்றான். பின்னர் ஒரு கதையும் கூறுகின்றான். பகலில் தூதன் கோலத்தில் வாயிலில் நின்று, இரவில் பெண் கோலத்தில் பள்ளியறை புகுந்து, உறங்கும் இளவரசனின் வயிர மாலையைக் கவர்ந்து, விழித்தெழுந்த அவனுக்குத் தூணை ஆளெனக் காட்டி மறைந்த கள்வனின் கதை அது. அக்கள்வன் தப்பியது தன் கல்வியால் என்றும் கூறுகின்றான்.

இக்கதையைச் சற்று நின்று நோக்குக. மாறுவேடம், துணிவு, நுண்ணறிவு, மணிக்களவு, மாயமறைவு என லூப்பனுக்குரிய உறுப்புகள் யாவும் இதில் உள்ளன. ஆயின் அவ்வியத்தகு கள்வனைப் பற்றிப் பேசுபவன் உண்மைக் கள்வன். பேசும் நோக்கமோ குற்றமற்ற அயலான் ஒருவனைக் கொல்விப்பது. கதை காவலரை மயக்குகின்றது. கேட்டவர்களுள் கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகின்றான். கற்ற கள்வனைப் பற்றிய சுவையான கதைக்குப் பின்னால், கதை சொல்பவனின் மதிப்பும் கதைக்கு இரையாகும் எளியவனின் உயிரும் நிற்கின்றன என்பதை இளங்கோவடிகள் இதனினும் தெளிவாகக் காட்டியிருக்க இயலாது.

அந்நூலின் உரைபெறு கட்டுரை தரும் செய்தி ஒன்றும் இங்கு நினைவுகூரத்தக்கது. ஒருவன் செய்த குற்றத்திற்காகக் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்பதே அது. குற்றம் ஒருவனுடையது, தண்டம் அவன் தொழிலினத்தார் அனைவர்க்கும். இச்செய்தியின் நிழல் பின்வரும் பகுதியில் நம்மைத் தொடரும்.

4. துப்பறியும் நாவலின் தோற்றம்

தமிழில் துப்பறியும் புனைகதைக்கு வித்திட்டவராகப் பண்டித நடேச சாஸ்திரியாரைக் கூறுதல் மரபு. ‘தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புதக் குற்றங்கள்’ என்னும் அவர் நூல் 1894இல் வெளிவந்தது. அடுத்த தலைமுறையில் மூவர் இத்துறையை வளர்த்தனர். ‘ஆனந்த போதினி’யோடு தொடர்புடைய ஆரணி குப்புசாமி முதலியார் ஒருவர், ‘ராஜாம்பாள்’, ‘சந்திரகாந்தா’, ‘மோகனசுந்தரம்’ முதலியவற்றை எழுதிய ஜே. ஆர். ரங்கராஜு மற்றொருவர், ‘மேனகா’, ‘கும்பகோணம் வக்கீல்’ முதலியவற்றை எழுதிய வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் மூன்றாமவர். இவர்களின் கதைகள் அச்சோடு நில்லாமல் நாடக மேடையும் ஏறின. ‘மேனகா’ 1935இலும், ‘சந்திரகாந்தா’ 1936இலும் திரைப்படங்களாயின. ‘கும்பகோணம் வக்கீல்’ 1950இல் ‘திகம்பர சாமியார்’ என்னும் பெயரால் திரைக்கு வந்தது.

இலக்கிய வரலாற்றாசிரியர் பலர் இந்நாவல்களை ஒருவரியில் ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆங்கிலத் தழுவல்கள், கீழ்த்தரச் சுவைக்கு எழுதப்பட்டவை என்பன அவ்வரியின் உள்ளடக்கம். ரெயினால்ட்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியரின் பெயர் அவ்வரியில் தவறாது இடம்பெறும். தழுவல் உண்மையே. ஆயின் தழுவல் என்பதனாலேயே ஒரு நூல் ஆய்வுக்குத் தகாதது ஆகுமாயின், ரெயினால்ட்ஸின் கதையொன்றைத் தழுவி மறைமலையடிகள் 1911இல் வெளியிட்ட ‘குமுதவல்லி நாகநாட்டரசி’யையும் விலக்க வேண்டிவரும். எதைத் தழுவினர் என்பதோடு ஆய்வு நின்றுவிடுதல் கூடாது. கிடைத்தவற்றுள் எதனைத் தேர்ந்தனர், எதனை விடுத்தனர், எடுத்ததை எவ்வாறு மாற்றினர் என்பனவே திறனாய்வாளன் கேட்க வேண்டிய வினாக்கள்.

அவர்கள் எழுதிய காலத்தில் ராபிள்ஸும் லூப்பனும் உலகறிந்த பெயர்கள். எனினும் நூல்தோறும் தொடர்ந்து வந்து தமிழ் வாசகர் உள்ளத்தில் இடம்பெற்றவர்கள் கள்வர் அல்லர், துப்பறிவோரே. குப்புசாமி முதலியாரின் ஆனந்தசிங், ரங்கராஜுவின் கோவிந்தன், துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் ஆகிய மூவரே அவர்கள். திருடனைத் தலைப்பில் நிறுத்திய கதைகள் இல்லாமல் இல்லை. ஆயின் வாசகர் அடுத்த நூலிலும் காண விழைந்த கள்வன் எவனும் அந்நாளில் உருவாகவில்லை.

5. கலை இடம் மாறிய வகை

அவ்வாறாயின் கனவான் திருடனுக்குரிய கலைகள் எங்குச் சென்றன? அவை துப்பறிபவனிடம் சென்றன என்பது எம் விடை. திகம்பர சாமியாரை நோக்குக. திசையையே ஆடையாக உடையவர் என்னும் பொருள்படும் பெயரைத் தாங்கியவர், வேடத்தின்மேல் வேடம் பூணுகின்றார். வேண்டிய வீட்டிற்குள் வேண்டிய கோலத்தில் புகுகின்றார். பகைவரின் மறைவை அவர் அறியாமலே கவர்கின்றார். அவர் கவர்வது மணியை அன்று, உண்மையை. திரைப்படத்தில் இவ்வேடத்தை ஏற்ற எம். என். நம்பியார் பல்வேறு கோலங்களில் தோன்றியதையே மக்கள் நெடுங்காலம் பேசினர். தூதன் கோலத்திலும் பெண் கோலத்திலும் அரண்மனை புகுந்த சிலப்பதிகாரக் கள்வனின் திறம் அனைத்தும் காவற்பக்கத்திற்கு மாற்றப்பட்டது என்று கூறலாம்.

துப்பறிவோரின் பெயர்களும் கருதத்தக்கவை. ஒருவர் துறவி, மற்றொருவர் வடபுலப் பெயருடைய சிங். ஊரின் உறவு, சாதி, காவல் என்னும் பின்னலுக்கு வெளியே நிற்பவர்களாக அவர்கள் படைக்கப்பட்டனர். துப்புக்கு ஊருக்குள்ளேயே விலை பேசப்பட்ட ஒரு நாட்டில், விலை வாங்காமல் துப்புத் தருபவன் ஊருக்கு வெளியிலிருந்தே வரவேண்டும் என்று ஆசிரியரும் வாசகரும் ஒருங்கே உணர்ந்திருத்தல் கூடும்.

இனிக் குற்றவாளியை நோக்குவோம். ‘கும்பகோணம் வக்கீல்’ என்னும் தலைப்பே குற்றவாளியைச் சுட்டுகின்றது. சட்டநாதம் பிள்ளை சட்டம் பயின்றவர், ஊரில் மதிப்புடையவர், அச்சட்ட அறிவையே தம் தீச்செயலுக்குக் கவசமாக்கிக் கொள்பவர். அவர் பெயரில் ‘சட்டம்’ என்னும் ஒலி அமைந்திருப்பதை ஆசிரியர் எண்ணியே செய்தார் என யாம் கருதுகின்றோம். ‘சந்திரகாந்தா’வில் பழிக்குரியவர்களுள் தலைமை பெறுபவர் மடத்தின் தலைவர். ‘ராஜாம்பா’ளில் குற்றமற்ற காதலன் கோபாலன்மேல் கொலைப்பழி விழுகின்றது; உண்மைக் கயவரோ மதிப்போடு உலவுகின்றனர்; கோவிந்தன் வந்து பழியை இடம்மாற்ற வேண்டியதாகின்றது. ‘மேனகா’வில் பெண்ணுக்கு நேரும் கேடு கொள்ளையர் குகையிலிருந்து வரவில்லை, கணவன் வீட்டு உறவினராலும் அவ்வீட்டிற்கு வந்துபோகும் நண்பராலும் வருகின்றது.

இவ்வெடுத்துக்காட்டுகளால் பெறப்படுவது யாது? மேனாட்டு வடிவம் கனவானாகிய திருடனை விரும்பத்தக்கவனாகக் காட்டிற்று. தமிழ் நாவல் திருடனாகிய கனவானை வெறுக்கத்தக்கவனாகக் காட்டிற்று. முன்னதில் களவு அழகு பெறுகின்றது. பின்னதில் கனவான் தன்மை ஐயத்திற்கு உள்ளாகின்றது. நூற்றுவர் பின்வர நடந்த பொற்கொல்லனின் வழித்தோன்றல்களே வக்கீலும் மடத்தலைவரும்.

6. இம்மாற்றத்தின் காரணம்

இம்மாற்றத்திற்குக் காரணம் தேட நூல்களுக்கு வெளியே சற்றுச் செல்லுதல் வேண்டும். கனவான் திருடன் என்னும் கருத்து ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கின்றது. திருட்டு ஒருவன் தேர்ந்துகொள்ளும் செயல் என்பதே அந்நம்பிக்கை. ராபிள்ஸ் விரும்பினால் திருடலாம். விரும்பினால் கிரிக்கெட் ஆடலாம். இந்நாட்டிலோ 1871இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் வேறொன்று கூறியது. சில சமூகத்தார் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று அது வகுத்தது. 1911இல் விரிவாக்கப்பட்டபின் சென்னை மாகாணத்திலும் அது செயற்பட்டது. மதுரைப் பகுதியில் பிரமலைக் கள்ளர் சமூகத்தார் அதன் பிடிக்குள் கொண்டுவரப்பட்டனர். அதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மேல் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது, பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. ரங்கராஜுவும் துரைசாமி ஐயங்காரும் புகழின் உச்சியில் நின்றது இச்சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில் என்பதை மறத்தல் ஆகாது. ஆயிரவர் பலியான கொற்கைச் செய்தியை முன்னர் யாம் குறித்தது இதன் பொருட்டே. ஒரு சமூகத்தின் பெயரும் களவு செய்வோனைக் குறிக்கும் பொதுச்சொல்லும் ஒலியால் ஒத்திருப்பதைக் கொண்டு குற்றம் ஏற்றுதல் சொல்லாராய்ச்சியும் ஆகாது, அறமும் ஆகாது.

திண்டுக்கல் சமவெளியின் வரலாறு இவ்விடத்தில் துணைசெய்கின்றது. 1896ஆம் ஆண்டில் இப்பகுதி ஊர்களில் காவல் முறையை எதிர்த்து ஓர் இயக்கம் தோன்றியது. ஊரார் பணம் தொகுத்து ‘பண்டு’ ஒன்றை ஏற்படுத்தி, மாடு இழந்தவர்க்கு அதிலிருந்து ஈடு கொடுத்து, காவற்காரரை விலக்கினர், பூசலும் விளைந்தது. காவலும் களவும் ஒரே கையில் இருந்தன என்பது விலக்கியவர்களின் முறையீடு. காவற் பொறுப்பை இழந்தவர்களின் முறையீடு ஏட்டில் ஏறியது குறைவு. ஏட்டில் ஏறாத மற்றொருவரும் உளர். அவரே எரியோட்டு முதியவர் குறிப்பிட்ட, பெயர் சொல்லப்படாத கூலி வாங்கியவர். சட்டம் மாட்டை அவிழ்த்தவனின் குலத்தை எழுதிக் கொண்டது. நடுவில் நின்றவரின் பெயரை எழுதவில்லை.

இச்சூழலில் களவை விளையாட்டாகக் காட்டும் கதை எவ்வாறு ஏற்கும்? ராபிள்ஸை மன்னிக்க அவன் நாட்டார்க்கு ஒரு பேரரசும் போரும் இருந்தன. ஆளப்படும் நாட்டுக் கள்வனுக்கு அத்தகைய மீட்சி இல்லை. 1920களில் திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்த ஜம்புலிங்கம் போன்றோரை மக்கள் கதைப்பாடல்களில் போற்றினர் என்பது உண்மையே. ஆயின் அவன் கனவான் அல்லன். அவன் முடிவும் போலீசின் கையில். அச்சு நாவலின் வாசகரோ, பெரும்பாலும், எழுத்தறிவும் சிறுசொத்தும் உடைய குடும்பத்தினர். அவர்கள் அஞ்சியது கன்னக்கோலை மட்டும் அன்று. வழக்கு மன்றத்தையும், பொய்ப் பத்திரத்தையும், பொய்ச் சான்றையும் அஞ்சினர். அவ்வச்சத்திற்கு உருக்கொடுத்ததே தமிழ்த் துப்பறியும் நாவலின் தனிச்செயல்.

7. இரு மறுப்புகள்

இக்கருத்துக்கு இரண்டு மறுப்புகள் எழலாம். உயர்குடிக் கயவர் ரெயினால்ட்ஸ் நாவல்களிலேயே மலிந்துள்ளனர். அவரைப் பின்பற்றியதன் விளைவே இது. தமிழ்ச் சூழலுக்கு இதில் பங்கில்லை என்பது முதல் மறுப்பு. ரெயினால்ட்ஸ் பிரபுக்களின் தீமைகளை விரித்தெழுதியவர் என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயின் 1879இல் மறைந்த அவர், இந்நாவல்கள் எழுதப்பட்ட காலத்தில் தம் நாட்டிலேயே பழையவராகிவிட்டார். ராபிள்ஸும் லூப்பனும் புத்தம்புதியவராய் இருக்க, பழைய ரெயினால்ட்ஸை நம்மவர் விடாது பற்றியமை ஒரு தேர்வே ஆகும். மேலும் பிரபுவின் இடத்தில் வக்கீலையும் மடத்தலைவரையும் அமர்த்தியது மொழிபெயர்ப்பு அன்று. தம்மைச் சூழ்ந்த அதிகாரத்தைக் கண்டறிந்து பெயரிட்ட செயல்.

இந்நாவல்களை உயர்த்திப் பேசுவது அவற்றின் குறைகளை மறைப்பதாகும் என்பது இரண்டாம் மறுப்பு. இம்மறுப்பு வலிமையுடையது. கதை நிகழ்ச்சியை நிறுத்தி அறவுரை ஆற்றுதல், தற்செயல்களை நம்பிக் கதையை நடத்துதல், பெண்ணை இடருள் இட்டு வாசகன் ஆவலைத் தூண்டுதல் ஆகியன இந்நாவல்களில் மிகுதி. இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. வக்கீலைக் கள்வனாக்கத் துணிந்த இவ்வாசிரியர்கள், அவ்வக்கீல் ஏவும் கையாளுக்குப் பேசும் வாய் தரவில்லை. அவன் பெரும்பாலும் முரடன் என்னும் அடைமொழியோடு வந்து, அடிபட்டுப் போகின்றான். அவன் ஏன் ஏவலுக்கு உடன்பட்டான் என்று எவரும் கேட்பதில்லை. நொண்டி நாடகம் கள்வனுக்கு அளித்த தன்கூற்றைக்கூட நாவல் அவனுக்கு அளிக்கவில்லை. சட்டம் செய்த பிழையின் ஒரு பாதியை இந்நாவல்கள் திருத்தின. மறுபாதியைத் தொடாது விட்டன.

அம்மறுபாதியைத் தொட்டவர் கல்கி. 1937இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ‘கள்வனின் காதலி’யில் முத்தையன் கள்வனாகப் பிறக்கவில்லை. மடத்தில் கணக்கெழுதப் போன அவன், அம்மடத்தின் அதிகாரி ஒருவரின் தீயொழுக்கத்தை எதிர்த்ததால் திருட்டுப் பழி சுமத்தப்படுகின்றான். பழியே அவனைக் கள்வனாக்குகின்றது. மடத்து அதிகாரியைப் படைத்த கல்கி, ‘சந்திரகாந்தா’ திறந்த வழியிலேயே நடக்கின்றார். ஆயின் அவ்வதிகாரியால் ஆக்கப்பட்ட கள்வனைப் பேசவும் விடுகின்றார். உயர்ந்த இலக்கியம் எனப் போற்றப்பட்ட நாவலுக்கும் கீழ்த்தரம் என ஒதுக்கப்பட்ட நாவலுக்கும் இடையே நாம் எழுப்பிய சுவர் எவ்வளவு மெல்லியது என்பது இதனால் விளங்கும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். தொடக்ககாலத் தமிழ்த் துப்பறியும் நாவல்களில் கனவான் திருடன் தலைவனாக நிலைபெறவில்லை. அவனுக்குரிய மாறுவேடமும் நுண்ணறிவும் துப்பறிபவனைச் சேர்ந்தன. அவனுக்குரிய மதிப்பும் கல்வியும் குற்றவாளியின் கவசமாயின. இவ்வமைப்புக்கு ரெயினால்ட்ஸ் ஒரு வாயில். எனினும் சிலப்பதிகாரப் பொற்கொல்லனிடத்திலேயே அதன் முன்வடிவம் உள்ளது. பிறப்பால் கள்வரை வகுத்த சட்டம் நாட்டை ஆண்ட காலத்தில், மதிப்புடையோரை ஐயுறுமாறு வாசகரைப் பழக்கியது இந்நாவல்களின் நற்பயன். ஏவப்பட்டவனின் குரலைக் கேளாமை அவற்றின் குறை.

முதுகலை மாணவர்க்கு ஒன்று கூறி முடிக்கின்றோம். இந்நாவல்களின் முதற்பதிப்புகள் தனியார் பேழைகளிலும் சிற்றூர்ப் படிப்பகங்களிலும் சிதைந்து வருகின்றன. மறுபதிப்புப் பெற்றவை சிலவே. அவற்றைத் தேடிச் செல்வோர் நூலை மட்டும் பெற்றுக்கொண்டு திரும்புதல் வேண்டா. அவ்வூர் முதியோரிடம் அமர்ந்து, களவு, காவல், துப்பு என்னும் சொற்கள் அங்கு எவ்வாறு வழங்கின என்றும் கேட்டு எழுதிவருதல் வேண்டும். எழுதும்போது மாட்டை அவிழ்த்தவனின் பெயரோடு நின்றுவிடாது, கூலி வாங்கியவர் யார் என்றும் கேட்பார்களாக.